வாசலுக்கு மேலே ஓர் ஓட்டை

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் எழுந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, மின்தூக்கியில் மேலேறி வந்து வீட்டு முகப்பைத் துடைப்பது. வீடுகள் மண்ணுக்கு அடியில், கதிர்வீச்சுக்குப் பயந்து தோண்டிய அறைகள். கண்ணாடிக் கூரை போட்ட தெருவில் முகப்புச் சுவர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். எவ்வளவு அடைத்தாலும் செம்புழுதி உள்ளே வந்துவிடும்.

பின்னால் ஒன்றுமே இல்லாத சுவருக்கு அங்கே கறாரான சட்டம் உண்டு. குடும்பம் பூமியில் விட்டுவந்த வீட்டின் முகத்தையே அது காட்ட வேண்டும். ஊகம் கூடாது, சான்று வேண்டும். பழைய படங்களை விழுங்கிச் சுவரை வார்த்துத் தருகிற இயந்திரத்தின் பெயர் சுவர்மீட்பி. படத்தில் தெரியாத இடத்தில் அது ஒரு கரண்டி சாந்துகூட வைக்காது.

முகப்பு வடிவமைப்பாளர் ஜெனோவா, ஊரார் வீட்டுக்கெல்லாம் முகம் கொடுத்துவிட்டுத் தன் வீட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அவள் பிறந்த தூத்துக்குடி வீடு எப்போதோ கடலுக்குள் போய்விட்டது. வாசலுக்கு மேலே, அம்மா வின்சி கொத்தனாரைப் பாடாய்ப் படுத்தி, இடித்து இடித்துத் திரும்பச் செய்யவைத்த சுதை வேலைப்பாடு ஒன்று இருந்தது. அந்த வேலைப்பாட்டை ஒரு தடவையாவது மறுபடி பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஜெனோவாவின் ஆசை. ஆனால் அது என்ன உருவம் என்பதே உறுதியாக நினைவில்லை.

“பாய்மரத் தோணிக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றான் தம்பி ரெக்சன்.

“சும்மா இருல. நீ அப்பக் கைப்பிள்ள. அது சிப்பி.”

“சிப்பின்னா படத்துல காட்டு பாப்போம்.”

படங்களுக்கா பஞ்சம்? ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் யாராவது வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தார்கள். தெருத்தெருவாகப் படமெடுத்துப் போன வரைபட வண்டி வந்த அன்றோ, வாசலை மறைத்து ஜெனோவா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா ஃபிளெக்ஸ் தொங்கியது. வாசலின் மேற்பகுதி பதிந்த படங்களில் அப்பா எப்போதும் அதே படியில் நின்றார். அவர் தோளில் உட்கார்ந்து இரண்டு விரலை விரித்துக் காட்டினாள் ஒரு சிறுமி, ஜெனோவாவேதான். அம்மா பார்த்துப் பார்த்துச் செய்யவைத்தது முழுக்க அவளுக்குப் பின்னால் போயிருந்தது.

ஜெனோவாவுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷம் அந்த வாசலில் ஏறி இறங்கியவள், ஒரு நாளாவது நின்று நிமிர்ந்து பார்த்திருக்கலாமே!

சுவர்மீட்பி தன் கடமையைச் செய்தது. நீலச் சுண்ணாம்பு, மரச் சட்டம், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் எல்லாம் அப்படியே வந்தன. நடுவில் மட்டும் தலை தலையாக ஓட்டைகள். வாசலுக்கு மேலே, இரண்டு விரல் விரித்த சிறுமியின் வடிவில் பெரிய ஓட்டை.

திறப்பு விழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்தது. சுவரை ஒருவரும் நின்று பார்க்கவில்லை. ஆளுக்கொரு ஓட்டையைப் பிடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, பறக்கும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“யக்கா, ஏறு,” என்று ரெக்சன் அந்தப் படியில் குனிந்தான். செவ்வாயில் எடை பூமியில் பாதிகூட இல்லை. அறுபது தாண்டிய தம்பி அக்காவைத் தோளில் தூக்குவது பெரிய காரியமில்லை.

“வேண்டாம்ல, விட்ருல,” என்றபடியே ஏறி உட்கார்ந்தாள்.

தலைக்குப் பின்னால் அந்த வெற்றிடம் குளிர்ந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“இங்க பாருங்க, இங்க,” என்றது கேமரா.

ஜெனோவா இரண்டு விரலை விரித்தாள்.