பூஜ்யம் புள்ளி மூன்று

யாரும் தொடாத ஸ்டீயரிங்கில் கை விசை பூஜ்யம் என்று காட்ட வேண்டும். அது பூஜ்யம் புள்ளி மூன்று என்று காட்டியது.

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, டேப்லெட்டை மறுபடி பார்த்தாள். மூன்றுதான். அவளுக்கு இரண்டு முழம் தள்ளி, இரும்புத் தாங்கி ஒன்றின் மேல், காரில்லாமல் தனியாக நின்றிருந்தது ஸ்டீயரிங் வளையம். அதன் தண்டு கீழே இறங்கி, ஒரு தேங்காய் அளவே இருந்த மோட்டாரில் முடிந்தது. அதைத் தொட அங்கே ஆள் யாரும் இல்லை. சனிக்கிழமை மதியம். தொடர்ந்து இரண்டு நாள் விடுமுறை என்பதால் கம்பெனி பன்னிரண்டு மணிக்கே காலியாகியிருந்தது. கடைசி பஸ் கிளம்பும்போது யாரோ ஜன்னல் வழியாக, "காதக்கா, வரலையா?" என்று கேட்டார்கள். அவள் கையை மட்டும் ஆட்டினாள்; இன்று தன் காரில் வந்திருந்தாள்.

காதக்கா. பதினாறு வருடமாக அதுதான் பெயர். கார் ஸ்டீயரிங்கை லேசாக்கிக் கொடுக்கும் மோட்டார்களைக் காதாலேயே சோதிப்பது அவள் வேலை. மைக்கும் கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்காத முனகலை அவள் கண்டுபிடிப்பாள். ஈ கொட்டாவி விட்டால்கூட அந்த அம்மாவுக்குக் கேட்கும் என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள்.

அதற்காகவே கட்டப்பட்ட அறை அது. சுவர், கூரை, தரைக்கு அடியில் என்று எல்லாப் பக்கமும் கூர்கூராக நுரைப் பஞ்சு. பஞ்சுக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பி வலைதான் தரை, நடந்தால் மெல்ல அமுங்கும். பேசினால் சொல் உதட்டை விட்டு இறங்கும் முன்பே செத்துவிடும். விளக்கின் ரீங்காரம் கூடாது என்று விளக்கை அணைத்துவிடுவாள், ஏசியின் மூச்சு கூடாது என்று அதையும் நிறுத்திவிடுவாள். வெளியே வெயில் கொளுத்தும் பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு, டேப்லெட்டின் மங்கிய நீலம் மட்டும். கொஞ்ச நேரம் போனால் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும், இமை மூடித் திறப்பது கேட்கும், கழுத்தைத் திருப்பினால் எலும்பு உரசுவது கேட்கும். புதிதாக வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று ஓடிவிடுவார்கள். அவளுக்குப் பழகிவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் இருப்பதும் மௌனம்தான்; ஆனால் அந்த மௌனம் ஆளைத் தின்னும். இங்கே இருப்பதற்காவது ஒரு காரணம் இருந்தது.

இன்றைய மோட்டார் ஒரு வொர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வந்தது. கூட வந்த சீட்டில் ஒரே வரி: 'கையை எடுத்தாலும் கனம் போகவில்லை.' எழுதியவருக்குத் தமிழ் தகராறு என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வெளியே கூடத்துக்கு வந்து, மேஜை மேலிருந்த போனில் மோட்டாருக்குக் கட்டளை எழுதும் தம்பியைக் கூப்பிட்டாள். எந்தப் புகார் சொன்னாலும் அவனிடம் ஒரே மருந்துதான், அதனால் அவன் ஜீரோ தம்பி.

"சென்சார் கொஞ்சம் நகர்ந்திருக்கும்கா. ஜீரோ பண்ணிடுங்க."

"ரெண்டு தடவை பண்ணிட்டேன்பா. மறுபடி மூணுக்கு வந்து நிக்குது."

"இருங்க, லேப்டாப்ப தொறக்குறேன்." பின்னால் குழந்தை ஒன்று எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது. அவளுக்கு அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. "ம்... அந்த மோட்டாரோட ரீடிங் இங்க வருது. என்னக்கா, கார் ஓட்டிப் பாக்குறீங்களா? சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே ஓட்டுறீங்க. ரெண்டு கையும் புடிச்சிருக்கு, இடது கொஞ்சம் அழுத்தம். சரி, இப்ப கைய எடுங்க."

"எந்தக் கைய?"

"ஸ்டீயரிங்ல இருக்குற கைய."

"தம்பி, நான் வெளிய நின்னு உன்கிட்ட பேசிட்டு இருக்கேன். உள்ள யாரும் இல்ல."

அவன் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. குழந்தை மட்டும் அழுதது.

"அப்ப சென்சார்தான் பழுது," என்றான், கொஞ்சம் சத்தமாகவே. "ஒண்ணு செய்யுங்க. மோட்டார் கைக்குக் குடுக்குற உதவிய மூணு மடங்கு ஏத்துங்க. சென்சார் பொய் சொல்லுதுன்னா மோட்டார் தாறுமாறா ஆடும், அதுலயே தெரிஞ்சிடும். ஏங்க்கா, அங்க தனியாவா இருக்கீங்க?"

"வேற யாரு வருவா?"

"திங்கக்கிழமை பாத்துக்கலாமே..."

"திங்கக்கிழமையும் லீவு. நீ குழந்தையப் பாரு, போ."

போன் அணைந்ததும் கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது போலத் தோன்றியது. கிளம்பியிருக்கலாம். கிளம்பி எங்கே போவது? வாரம் ஒருமுறை அக்கா பேசுவாள், அதுவும் நாளைக்குத்தான். அவள் கனத்த கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனாள். பஞ்சுக் கதவு பின்னால் மூடியது. மூடிய சத்தம் இல்லை. இருட்டு மட்டும் வந்தது.

முக்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டில் உதவியை ஒன்றிலிருந்து மூன்றாக்கினாள்.

இந்த மோட்டாரின் குணம் அவளுக்கு அத்துப்படி. ஓட்டுகிறவரின் கை வளையத்தை இம்மியளவு திருப்பினால் தண்டுக்குள்ளிருக்கும் மெல்லிய கம்பி முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று சென்சார் சொல்லும். மோட்டார் அதே பக்கம் தன் பலத்தையும் சேர்த்துத் தள்ளும். அதற்கென்று சொந்த விருப்பம் கிடையாது. கேட்டால் கொடுக்கும். கேட்காவிட்டால் சும்மா கிடக்கும்.

இப்போது அதை யாரோ கேட்டார்கள்.

முதலில் கொசு தூரத்தில் பறப்பது போல ஒரு முனகல். பிறகு வளையத்தின் மேலுறையில் நெறுக்கென்று ஒரு சத்தம், உள்ளங்கை இறுக்கிப் பிடிக்கும்போது தோல் எழுப்பும் சத்தம். வளையம் இடப்பக்கம் நான்கு விரற்கடை திரும்பியது, நின்றது, நேரானது. பழுதான சென்சார் இப்படிச் செய்யாது. அது வெட்டி வெட்டி ஆடும், இல்லையென்றால் ஒரே பக்கமாக ஓடி முட்டிக்கொண்டு நிற்கும். இது நிதானமாக இருந்தது. நேர் ரோட்டில் போகிறவர் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்குவது போல ஒதுங்கியது. பொறுமையாக, நீளமாக ஒரு வளைவு எடுத்தது. மறுபடி நேராக்கிக்கொண்டது.

செம்புக் கம்பியின் வார்னிஷ் சூடேறும் வாசனை வந்தது. அதன் அடியில் இன்னொரு வாசனை. வெகுநாள் பூட்டிக் கிடந்த காரின் சீட்டில் வரும் ஈர வாசனை.

பூஜ்யம் புள்ளி மூன்று. ஒரு தாளைப் புரட்டக்கூட அதற்கு மேல் பலம் வேண்டும். அவ்வளவு சோகையான ஒரு தள்ளல். எத்தனை நாளாக எதையெதையோ தள்ளிப் பார்த்திருக்கும், எதுவுமே அசைந்திருக்காது. கடைசியில் இது அசைந்திருக்கிறது. அசைந்தது மட்டுமில்லை, அதற்கு மூன்று மடங்கு பலத்தை இப்போதுதான் அவளே கொடுத்திருக்கிறாள்.

"யாரு?" என்றாள்.

குரல் உதட்டிலேயே செத்தது. ஆனால் வளையம் நின்றுவிட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காதுக்குள் ரத்தம். நெஞ்சுக்குள் அடி. வேறு எதுவும் இல்லை. பதினாறு வருடம் இந்த அறையில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது எதுவோ அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்கு எதிரே, வளையத்துக்கு அந்தப் பக்கம், கம்பி வலை ஒரு தடவை அமுங்கியது. அவள் பாதத்துக்கு அது தெரிந்தது.

நிறுத்தும் பொத்தான் தாங்கியின் அந்தப் பக்கம். வளையத்தைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும். நீட்டினாள். வளையத்துக்கு மேலே காற்று ஜில்லென்று இருந்தது, வியர்த்த கையை யாரோ ஊதுவது போல. விரல் தடவித் தடவிப் பொத்தானைத் தேடியது. போல்ட். ஒயர். மறுபடி போல்ட். கிடைத்தது. ஓங்கி அழுத்தினாள்.

முனகல் நின்றது.

டேப்லெட்டைப் பார்த்தாள். பூஜ்யம் புள்ளி இரண்டு. ஒன்று. பூஜ்யம்.

சுத்தமான பூஜ்யம். அப்படியே அரை நிமிடம் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜீரோ தம்பியிடம் சொன்னால் அவன் இதை வைத்தே ஒரு வருடம் ஓட்டுவான். காதக்காவுக்குப் பேயும் கேட்கும் என்பார்கள். சொல்லட்டும். டேப்லெட்டை அணைத்துவிட்டு எழப் போனாள்.

இடது மணிக்கட்டில் ஏதோ பட்டது.

பஞ்சு பட்டது போல. அவ்வளவுதான். ஆனால் கை அந்தப் பக்கமாக விருட்டென்று நீண்டது. அவள் நீட்டவில்லை.

கையை மடியில் இழுத்துக்கொள்ள நினைத்தாள். நினைப்பு வந்தது. கை வரவில்லை. மறுபடி பஞ்சு, இந்தத் தடவை முழங்கையில். கை மடங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக. விரிந்தன. மூடின. அது பழகிப் பார்த்தது. தப்பு செய்தது. திருத்திக்கொண்டது.

கத்த வாயைத் திறந்தாள். தாடையின் கீழே மெல்ல ஒரு தொடல். பல்லோடு பல் முட்டி மூடிக்கொண்டது.

முதுகில் ஒன்று. எழுந்தாள்.

முழங்காலில் ஒன்று. நடந்தாள்.

அவள் உடம்பில் இருந்த பலமெல்லாம் அவளுடையதுதான். தசை அவளுடையது, மூச்சு அவளுடையது. எந்தப் பக்கம் என்று மட்டும் வேறு எதுவோ கேட்டது. உடம்பு தட்டாமல் கொடுத்தது. கதவு திறந்தது. கூடத்து விளக்கில் கண் கூசியது. மேஜை மேல் போன் அடித்துக்கொண்டிருந்தது, ஜீரோ தம்பியின் எண். அவள் அதைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனாள்.

வெளியே வெயில். வாட்ச்மேன் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"வேலை முடிஞ்சுதாம்மா?"

அண்ணே, என்னைப் பிடிச்சுக்கோங்க. விடாதீங்க. அவள் உள்ளே அலறினாள். தொண்டையில் ஒரு தொடல், நாக்கில் ஒரு தொடல்.

"முடிஞ்சுது," என்றது அவள் குரல். கொஞ்சம் இழுத்து. புதிதாகப் பேசக் கற்றவர்கள் பேசுவது போல.

"வெயில் ஜாஸ்தி, பாத்துப் போங்கம்மா." கேட்டைத் திறந்துவிட்டு அவர் மறுபடி பேப்பருக்குப் போய்விட்டார். ஏதும் வித்தியாசமாகப் படவில்லை அவருக்கு. அவளை உற்றுப் பார்க்கிறவர்கள் யாரும் எப்போதும் இருந்ததில்லை.

அவள் கைகள் ஓட்டி வந்த அவளுடைய கார் மெயின் ரோட்டு முனையில் நின்றது. வலது பக்கம் போனால் வீடு. இடது பக்கம் ரோடு வெறிச்சோடி, கானல் நீரில் முடிந்தது. அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

இடது மணிக்கட்டில் பஞ்சு.

அவள் தன் முழு பலத்தையும் வலது பக்கம் திரட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு கையும் இடப்பக்கம் திருப்பின. நிதானமாக, நீளமாக, பழகிய கை போல.

மேலே இருந்த கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதட்டின் இரண்டு ஓரத்திலும் ஏதோ மெல்லத் தொட்டது. முகம் சிரித்தது.