பாதி அட்டை

மாத்திரை அட்டையை யாரோ பிதுக்குகிற சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. சுசீலா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். வெளியே பிற்பகல் மழை, பாரிவாக்கம் தெருவில் முழங்கால் தண்ணீர், வீடெல்லாம் காயாத துணியின் வாடை. அத்தனைக்கும் நடுவே அந்தச் சத்தம் மட்டும் பொடிப்பொடியாக, விடாமல் கேட்டது. ஆனால் மாத்திரை டப்பா அவள் கண்ணெதிரே ஃபிரிட்ஜ் மேல்தான் இருந்தது.

உள்ளே கணவன் பூபாலன் வாயைப் பிளந்து படுத்திருந்தான். ஒரு வாரமாகக் காய்ச்சல். தலைமாட்டுத் துண்டில் துரு நிறத்தில் சளி. கட்டிலுக்குக் கீழே ஏழு வயது மகள் லாவண்யா படம் வரைந்துகொண்டிருந்தாள். அட்டை யார் கையிலும் இல்லை. சுசீலா குனிந்தாள். சத்தம் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

மாத்திரைகளைப் போட்டுவைக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டப்பா அவளுடைய பெருமை. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதித் தந்தால் இவள் வீட்டில் இரண்டு நாள்தான். காய்ச்சல் விட்டதும் மீதி அட்டை டப்பாவுக்குள் போய்விடும், அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமாம். போன மாதம் லாவண்யாவுக்கு இரண்டு, அதற்கு முன் பூபாலனுக்கு மூன்று, பக்கத்து வீட்டு மனோகரனுக்கு ஒரு பாதி அட்டை. கெட்டிக்காரி என்று தெருவே மெச்சியது. மழைக்கு வீட்டுக்குள் வருகிற பாம்பை அரைகுறையாக அடித்துவிடாதே, திரும்பி வரும் என்று பூபாலனிடம் கத்துகிறவளும் இவள்தான். இந்த முறையும் முதல் மூன்று நாள் டப்பாதான் வைத்தியம் பார்த்தது. பிறகு கிளினிக்கில் சளியைப் பரிசோதனைக்கு எடுத்து, ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

போன் அடித்தது. கிளினிக் நர்ஸ் கனிமொழி.

"அக்கா, ரிப்போர்ட் வந்துட்ச்சு. நிமோனியா கிருமிதான். அமாக்சிசிலினுக்குக் கேக்காதாம்."

சுசீலா டப்பாவைத் திறந்தாள். அமாக்சிசிலின். நாலு மிச்சம்.

"அசித்ரோமைசினுக்கும் கேக்காது."

அதுவும் இருந்தது.

"செஃபிக்ஸிம்..."

"அதுவுமா?"

"அதுவுந்தான். ஊட்ல இன்னாக்கா குட்துகினு இருந்தே? ஆம்புலன்ஸ் அப்பவே அனுப்பிட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. அங்க ஊசி எதுக்காவது கேக்குதான்னு பாக்கணும்."

அவள் அரைகுறையாக அடித்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது.

உள்ளே சத்தம் வேகமெடுத்தது. பிதுக்கல் மேல் பிதுக்கல். ஓடினாள். தூரத்தில், வெள்ளத்தில் மாட்டிய ஆம்புலன்ஸின் ஊளை. அது நகரவில்லை.

சத்தம் நின்றது.

அப்பாடா என்று இருந்தது. ஒரே ஒரு நொடி.

"இன்னாங்க?"

நெஞ்சு ஏறவில்லை. உலுக்கினாள். அறைந்தாள். ஏறவில்லை.

மறுபடி அந்தச் சத்தம். பொடிப்பொடியாக.

அவன் நெஞ்சில் காதை வைத்தாள். அங்கே ஒன்றுமில்லை. கட்டிலுக்குக் கீழேயிருந்து வந்தது.

"லாவண்யா! அந்த அட்டைய கீழ வெய்டி!"

"நான் ஒண்ணும் எடுக்கலம்மா."

குழந்தை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். காலி. சத்தம் நிற்கவில்லை, அவள் மூச்சோடு சேர்ந்து வந்தது.