வீடுசேர் டாட் காம்

பதில் நான்கு நிமிடத்தில் வந்துவிட்டது. அதுதான் பாப்பாவுக்கு முதலில் இடித்தது. வெப்சைட்டுக்கான ஒரு டொமைன் பெயரை வைத்திருப்பவரிடம் போய் விலைக்குக் கேட்டால் மனுஷர் லேசில் பதில் போடமாட்டார், பத்து நாள் ஊறப்போட்டு நம் அவசரத்தை ஆழம் பார்ப்பார் என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இங்கே நான்கே நிமிடம், இரண்டே வரி. விலை எதுவும் வேண்டாம். பெயர்ப் பதிவில் உங்கள் வீட்டு விலாசம் மறைக்காமல், எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

நாற்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அப்படிக் கூப்பிட்டு வளர்த்த அப்பா இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார். இப்போது வாய் பேசாமல், விரல் அசையாமல் உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து, லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாததால் படி வழியாக, மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பட்ட பாட்டில்தான் பாப்பாவுக்கு இந்தத் தொழிலே தோன்றியது. டிஸ்சார்ஜ் ஆனவர்களை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, வண்டியில் ஏற்றி, படியேற்றி, அவரவர் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வருவது. ஒரு வண்டி, இரண்டு ஆட்கள், மேற்பார்வைக்கு அவள். பெயர் ‘வீடுசேர்’. வண்டியில் எழுதி, சட்டைகளில் தைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் இணையத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் குந்தியிருப்பது தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, மாதக் கடைசிக்குள் வெப்சைட் தயாரானால் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அவள் பெயரை அச்சடிப்பதாகச் சொல்லியிருந்தது. அது கைவிட்டுப் போனால் வண்டியை விற்றுவிட்டு எங்காவது வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனால் அப்பாவை ஏதாவது விடுதியில் விட வேண்டும்.

“சும்மா யாராவது தூக்கிக் குடுப்பாங்களா அக்கா?” என்றான் தம்பி, வெளியூரிலிருந்து போனில். “விலாசத்தை மறைச்சு வைக்கிறதுதான் எல்லாரும் பண்றது.”

“கூரியர்காரனுக்குத் தெரிஞ்ச விலாசம்தானேடா. அதுல என்ன ரகசியம்?”

“அப்புறம், கை மாறினதும் அறுபது நாள் பூட்டு விழுந்துடும். அதுக்குள்ள வேற யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாது.”

“நான் ஏன் மாத்தப்போறேன்?” என்று சிரித்தாள்.

பெயரின் சொந்தக்காரர் அன்று மாலையே கூப்பிட்டார். வயதான, களைத்த குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு வீடு நிறைய ஆட்கள் இருக்கிற சத்தம் கேட்டது: நாற்காலி இழுபடுவது, அடக்கி அடக்கி இருமுவது, ரப்பர் செருப்பு ஈரத் தரையில் ஒட்டி ஒட்டி எடுபடுவது, யாரோ மூக்கை உறிஞ்சுவது. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூடப் பேசவில்லை.

“வீட்ல விசேஷமா? அப்புறமா பேசட்டுமா?” என்றாள் பாப்பா.

“விசேஷமெல்லாம் இல்லம்மா. எப்பவும் இருக்கிறவங்கதான்.” பிறகு அவரே கேட்டார். “உங்க வீட்ல எத்தனை ரூமு?”

“மூணு. எதுக்குக் கேக்கறீங்க?”

“சின்னதுதான்,” என்றார் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “வீடு பூட்டிக் கிடக்குமா, ஆள் இருக்குமா?”

“அப்பா படுத்த படுக்கை. வீடு காலியாவே இருக்காது.”

“அப்ப சரிம்மா.”

அந்த ‘சரி’யில் இருந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் காரியம் ஆக வேண்டும். சம்மதம் கேட்டு வந்த மெயிலில் பொத்தானை அழுத்தினாள். சனிக்கிழமை பெயர் அவளுடையதாயிற்று. நன்றி சொல்லலாம் என்று கூப்பிட்டபோது, அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது.

தம்பி அங்கிருந்தபடியே மெயில் பெட்டியை அமைத்துக் கொடுத்தான். அந்தப் பெயருக்கு யார் என்ன எழுதினாலும் அதில் வந்து விழும். கையோடு, தானாகப் போகிற பதில் ஒன்றையும் வைக்கச் சொன்னான். நோயாளியின் வீட்டார் தவித்துப்போய் எழுதும்போது மௌனமாக இருந்துவிடக் கூடாது என்பதில் பாப்பா எப்போதும் கண்டிப்பு. எழுதி எழுதி அழித்து, கடைசியில் திருப்தியானாள். ‘கவலைப்படாதீர்கள். உங்களுக்காகக் காத்திருக்கிறோம். எங்கள் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும்.’ அப்பாவுக்கும் படித்துக் காட்டினாள். அவர் கண் இமைக்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. பகல் நர்ஸ் அப்பாவுக்குக் குழாயில் கஞ்சி கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனாள். ஆட்கள் இருவரும் வண்டியோடு பக்கத்து ஊர் போயிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. தண்ணீர் குழாய் வழியாக இறங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பாப்பா மெயில் பெட்டியைத் திறந்தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மெயில்கள். எதிலும் தலைப்பு இல்லை, அனுப்பியவர் பெயரும் இல்லை. எல்லாம் ஒரே வார்த்தை. கிளம்பிட்டேன்.

விளம்பரக் குப்பையாக இருக்கும் என்று அழிக்கத் தொடங்கினாள். அழிக்க அழிக்க மேலே புதிதாக வந்து விழுந்தது. விலாசம் மாறியிருக்குன்னு பாத்தேன், பரவாயில்ல. பஸ் நிக்கல, நடந்துதான் வரேன். அந்த வீட்ல ரொம்ப நெருக்கடி. துணைக்கு இன்னும் ரெண்டு பேர் வராங்க.

அனுப்பியவை என்ற பக்கத்தைத் திறந்தாள். வந்த அத்தனை மெயில்களுக்கும் பதில், ஒன்று விடாமல் போயிருந்தது. உங்களுக்காகக் காத்திருக்கிறோம். எங்கள் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும். அதை நிறுத்தும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மெயில் வந்தது. தெருமுனைக்கு வந்துட்டேன்.

அதற்கும் அவள் பதில் போனது.

எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். சங்கிலியையும் மாட்டினாள். கீழே எங்கோ லிப்ட் கதவு மூடியது. கம்பி முறுக்கிக்கொண்டு மேலே வருகிற முனகல், பிறகு மணிச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு வாடை உள்ளே வந்தது. ஈரத்துணி, பினாயில், பழைய பிளாஸ்திரி, அதற்கடியில் வாடிய பூ தண்ணீரில் கிடந்து அழுகுகிற மாதிரி ஒன்று. தன் வண்டியில் தினமும் முகர்கிற வாடைதான், அந்தக் கடைசி ஒன்றைத் தவிர.

கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரி அங்கி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் பை. கணுக்காலில், பிணவறையில் கட்டுவதுபோல, எண் எழுதிய சீட்டு. மழையில் நனைந்து வந்தவர் தலையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் படிகளில் கீழே திரும்புமிடம் வரை தலைகள். யாரும் மணியடிக்கவில்லை. யாரும் தட்டவில்லை. வரிசையில் நிற்கப் பழகியவர்கள்போல நின்றார்கள்.

பின்வாங்கினாள். சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் விலகியிருந்தது.

மறுபடி போட்டாள். கையை எடுத்தாள். விலகியிருந்தது. உடம்பின் கனம் முழுவதையும் கதவில் சாய்த்து மூன்றாவது முறையும் போட்டாள். மரம் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, அவளையும் சேர்த்து, உள்பக்கம் நகர்ந்தது.

“திறந்திருக்கும்னு எழுதியிருந்தீங்களே,” என்றார் முதலில் வந்தவர். மரியாதையான குரல்தான். உதடுதான் அசையவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் சோபாவின் ஓரத்தில். பிறகு வந்தவர்கள் சுவரோரம், தரையில், சமையலறை வாசலில். பைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ரப்பர் செருப்பு ஒட்டி ஒட்டி எடுபட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பாப்பா உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தி, அதில் முதுகை ஊன்றி உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

“அந்தப் பேரை எடுத்துடுடா. யாருக்காவது குடுத்துடு. இப்பவே.”

“என்னக்கா ஆச்சு? ஏன் மெதுவா பேசற?”

“எடுத்துடு.”

“அறுபது நாள் பூட்டுன்னு சொன்னேன்ல? யார் நினைச்சாலும் முடியாது. பதிவுல விலாசம் மட்டும் மாத்தலாம், அதுக்கும் ரெண்டு நாள் ஆகும்.” போனில் அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். “அக்கா, வீட்ல யாரு அத்தனை பேர்?”

வெளியே ஓடிவிடலாம். அவள் மட்டும் ஓடலாம். அப்பாவை நகர்த்தக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், தலைக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். படியில் நிற்க இடமில்லை. அப்பாவை விட்டுவிட்டுப் போகிற மகள் அவள் இல்லை. அது அவளுக்குத் தெரியும். பெயரைக் கொடுத்த அந்தப் பெரியவருக்கும் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தபோது அவளுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது.

மழையும் விட்டிருந்தது. அறைக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்பாவின் மூச்சு அவளுக்குப் பழக்கம். கரகரவென்று, இழுத்து இழுத்து வரும். அதோடு இன்னொன்று. அதற்குள் இன்னொன்று.

கட்டிலைப் பார்த்தாள்.

போர்வை உயர்ந்திருந்தது. கால்மாட்டில் பாதங்கள் தெரிந்தன. அப்பாவுடையவை இரண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் நகம் வெட்டிவிடுகிற பாதங்கள். அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு, சேறும் சகதியுமாக, கணுக்காலில் சீட்டோடு. நடுவில் இரண்டு. சின்னவை. குழந்தையுடையவை.

இரண்டு வருஷமாக ஒரு விரல்கூட அசைக்காத அப்பா நகர்ந்து சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தார். அவர் கண்கள் அவளையே பார்த்தன. அவற்றிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அக்கா,” என்றது போன். “அக்கா, கேக்குதா?”

கட்டிலின் இந்தப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். ஓர் ஆள் படுக்கிற அளவு. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஈரமான கை. தலையணையைத் தட்டிச் சரிசெய்தது. போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தது.

பிடித்தபடியே இருந்தது.