மூன்றாவது மிதி

தையல்காரம்மா கார்ச் சாவியை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அவருடைய கார் முந்தின நாளே கயிறு கட்டி இழுத்து வரப்பட்டு, பட்டறை மூலையில் நின்றுகொண்டிருந்தது.

"கோளாறு என் கால்லயா, வண்டியிலயா? அத மட்டும் சொல்லிடுங்க," என்றார். "எனக்குச் சர்க்கரை இருக்கு. கால் மரத்துப் போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்காங்க."

மெக்கானிக் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வண்டியைத் தொடுவதற்கு முன் ஓட்டியவர் வாயைத் திறக்க வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்சி. பக்கத்தில் அவருடைய அக்காள் கணவர் நோட்டைத் திறந்தாயிற்று. கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவர். டயர் பஞ்சரானால்கூட ஆணி வைத்தது யார் என்று கேட்பார்.

"என்ன நடந்துச்சு, எப்ப?" என்றார் மெக்கானிக் அம்மாள்.

"முந்தாநாள். வீட்டுக்காரருக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ். வழியெல்லாம் நெரிசல், ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆச்சு. வாசல் சரிவுல ரெண்டு தடவ மிதிச்சு நிறுத்தி அவர இறக்கினேன். அவர் வண்டிக்கு முன்னால நடக்கறப்போ வண்டி நகர்ந்துச்சு. மறுபடி மிதிச்சேன். பெடல் கல்லு மாதிரி நின்னுடுச்சு. ரெண்டு காலையும் வச்சு அமுத்தினேன். அவர் முழங்காலுக்கு ஒரு ஜாண் முன்னாடி நின்னுச்சு." தையல்காரம்மா கையை விரித்து அந்த ஜாணைக் காட்டினார். "அன்னையிலேர்ந்து அவர் அதப் பத்தி வாயே தொறக்கல."

மகன் மட்டும் வாய் ஓயவில்லையாம். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருப்பீர்கள் என்கிறானாம். இரண்டு பட்டறைகளில் நேற்றுக் காலையில் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா இனி ஓட்டக் கூடாது என்று, இன்னும் ஒரு மணி நேரத்தில் மகன் சாவியை வாங்க வருகிறான். நாளைக் காலை ஏழு மணிக்கு அடுத்த டயாலிசிஸ்.

"அன்னைக்குப் போட்டிருந்த செருப்பு எங்கே?"

"அப்படி அமுத்தினதுல வார் அறுந்துடுச்சு. தைக்கக் குடுத்திருக்கேன்."

"பானெட்ட வேற யாராச்சும் தொறந்தாங்களா?"

"போன வாரம் என் தம்பி டயருக்குக் காத்துப் பிடிச்சுட்டு, தொறந்து பாத்துக் குடுத்தான். டயர் கடை வச்சிருக்கான்."

குமாஸ்தா நோட்டில் 'சதி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மெக்கானிக் அம்மாள் எஞ்சினைக் கிளப்பிப் பெடலை மிதித்தார். வெண்ணெயாக இறங்கியது. தையல்காரம்மாவின் முகம் செத்துவிட்டது. "அப்போ என் கால்தான்," என்றார்.

"அவசரப்படாதீங்க. இது ராத்திரி பூரா தூங்கி எழுந்த வண்டி. அந்த ரெண்டு பட்டறையும் இத்தோட நிறுத்திட்டாங்க." சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பானெட்டை மூடி, எஞ்சினை ஓட விட்டார்.

நாற்பது நிமிஷம். தையல்காரம்மா தன் வலது காலை விரல் விரலாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். குமாஸ்தா குனிந்து, "மகன் பேர்ல சந்தேகம் உண்டா?" என்றார். "என் புள்ளயச் சொன்னீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்," என்று பதில் வந்தது.

மகன் வந்தான். கூடவே தாய்மாமனும், அவர் தோளைப் பிடித்தபடி அப்பாவும் வந்தார்கள்.

"சாவியக் குடுங்கம்மா."

"வண்டியிலதான் இருக்கு, தம்பி," என்றார் மெக்கானிக் அம்மாள். "உக்காந்து பிரேக்க மூணு தடவ மிதிங்க. அப்புறம் எடுத்துக்கங்க."

மகன் ஏறி உட்கார்ந்தான். முதல் மிதி இறங்கியது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவதற்கு அவன் சீட்டைவிட்டு எழும்பி அழுத்தினான். பெடல் அசையவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தபோது அவனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

மெக்கானிக் அம்மாள் பானெட்டைத் திறந்தார். எஞ்சினிலிருந்து ஓர் உருண்டை டப்பாவுக்குப் போகும் கறுப்பு ஹோஸ், உறிஞ்சி முடித்த ஸ்ட்ரா போலச் சப்பையாக ஒட்டியிருந்தது.

"ஆக்சிலேட்டர்னா கால் லேசா இறங்கும். செருப்பு வார் அறுந்துச்சுன்னா, காலுக்கு அடியில எதுவோ இறங்காம எதிர்த்து நின்னிருக்கு. பிரேக்க மிதிக்க நம்ம கால் பலம் மட்டும் பத்தாது. எஞ்சின் காத்த இழுக்கற இழுப்பு இந்த டப்பாவுக்கு வந்து ஒத்தாச பண்ணும். ஹோஸ் சப்பையானா அது வராது. டப்பாவுல மிச்சம் இருக்கறது ரெண்டு மிதிக்குத்தான் காணும்." எஞ்சினை நிறுத்தினார். ஹோஸ் மெல்ல உப்பி உருண்டையானது. "சூடேறி எஞ்சின் ஓடறப்போதான் சப்பையாகும். நிறுத்திட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது."

"யார் செஞ்சது?" என்றார் குமாஸ்தா, பேனாவைத் தூக்கிக்கொண்டு.

"ஹோஸ் மூட்டுல பூசியிருக்கறத மோந்து பாருங்க, அத்தான். பஞ்சர் ஒட்டற சொல்யூஷன்."

எல்லோரும் தாய்மாமனைப் பார்த்தார்கள். அவர் அக்கா பக்கம் திரும்பினார். "பழசு வெடிச்சிருந்துச்சுக்கா. என் கம்ப்ரஸர் ஹோஸ்ல ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். காத்தடிச்சு வாளித் தண்ணியில முக்கிக்கூடப் பாத்தேனே! ஒரு குமிழி வரல."

"வராது. உங்க கடையில காத்து வெளிய தள்ளும். இங்க எஞ்சின் உள்ள இழுக்கும். சூட்டுல இளகுற ஹோஸ் இழுப்புக்குத் தாங்காது."

குமாஸ்தா 'சதி'யை அடித்துவிட்டு, அதன் மேல் 'பாசம்' என்று எழுதினார்.

எஞ்சின் ஆறியதும், உள்ளிழுப்பைத் தாங்கவென்றே வரும் கெட்டி வேக்குவம் ஹோஸை மாட்டி மறுபடி நாற்பது நிமிஷம் ஓட்டினார்கள். தையல்காரம்மாவே உட்கார்ந்து பத்துத் தடவை மிதித்தார். பத்தும் ஒரே மாதிரி இறங்கின. "சர்க்கரைக்கு டாக்டர்ட்ட போறத விட்டுடாதீங்க," என்றார் மெக்கானிக் அம்மாள். "ஆனா அன்னைக்கு உங்க கால் தப்பு பண்ணல. அதுதான் வண்டிய நிறுத்தி அவரக் காப்பாத்தியிருக்கு."

அப்போதுதான் கணவர் ஜன்னலருகே வந்தார். இரண்டு நாளாக அதைப் பற்றி வாய் திறக்காத மனிதர்.

"வண்டி இடிச்சிடும்னு நான் பயப்படல," என்றார். "என்னை ஏத்தி இறக்கியே உன் கால் போயிடுச்சுன்னு நெனச்சேன். நாளையிலேர்ந்து டயாலிசிஸே வேணாம்னு சொல்றதுக்குத்தான் இங்க வந்தேன்."

தையல்காரம்மா அவரை வெறித்துப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது; குரலில் மட்டும் கோபம்.

"அஞ்சு மணிக்கு எழுப்புவேன்," என்றார். "ஏறுங்க."