பத்தொன்பதாவது பெயர்

கீஈஈச்!

ஸ்பீக்கர் போட்ட கூச்சலில் ஜெயரட்ணத்தின் கையிலிருந்த தட்டு நழுவி, செவ்வந்திப் பூக்கள் மண்டபத் தரையில் சிதறின.

"எட்வேட்! காதைப் பிய்க்கிற மாதிரி உதென்னடா சத்தம்?"

"கோவியாதேங்கோ அண்ணை. நேற்று ஒரு பேர்த்டே பார்ட்டிக்கு அடிச்ச செற். அழுகிற இடத்துக்கு இன்னும் பழகேல்லை" என்று சிரித்தான் ஒலிபெருக்கிக்காரன் எட்வேட்.

கனடாவின் ஸ்காபரோவில், மரக்கறிக் கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவே இருந்த வாடகை மண்டபம் அது. பிற்பகல் மூன்று மணி. வெளியே நவம்பர் வானம் ஈரச் சாம்பலாகக் கிடந்தது. ஐந்து மணிக்குச் சனம் வந்துவிடும். மேடையில் பத்தொன்பது படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மண் விளக்கு. மேலே, 'ஆத்திக்குளம் தொண்டர் அணி நினைவு நாள்' என்று பதாகை.

சம்பளமில்லை, சீருடையுமில்லை. பகலில் தபாற்கந்தோரிலும் சலூனிலும் பஸ்ஸிலும் வேலை பார்த்துவிட்டு, பொழுதுபட்டதும் குளக்கட்டில் காவலுக்குப் போன இருபது ஊர்க்காரர்கள். விடுதலைப் போரின் கடைசி மாதத்தில் பத்தொன்பது பேர் திரும்பி வரவில்லை. இருபதாவது ஆள்தான் ஜெயரட்ணம்.

முன்வரிசையில் ரதி, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பதாவது படம் அவளுடைய அண்ணன் சுலக்சன். மற்றக் குடும்பங்களுக்கு உடலோ, நம்பத்தகுந்த செய்தியோ கிடைத்தது. இவளுக்கு இரண்டும் இல்லை. விளக்கேற்றினால் அவன் இல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பதினாறு வருஷமாக ஏற்றவில்லை. போன மாதம் ஜெயரட்ணம்தான் வீடு தேடிப் போய்ச் சொன்னார்.

"ஜெயம் அண்ணை, இன்னொருக்காக் கேக்கிறன். உங்கட கண்ணால கண்டனீங்களே?"

"ஓம் பிள்ளை. என்ர மடியிலதான் சீவன் போனது."

அது பொய்.

பனங்கூடலுக்குள் தொடையில் காயத்தோடு கிடந்த சுலக்சனிடம், "ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடியவர் திரும்பிப் போகவேயில்லை. முதல்முறையாக ஊர் கூடும் இந்த மேடையில் ஒரு படம் குறைந்தால் சனம் கேட்கும், சுலக்சன் எங்கே என்று. அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க அவரால் முடியாது.

"அண்ணை, பேருகளை ஒருக்கா வாசியுங்கோ. மைக்கைச் சரி பாப்பம்" என்றான் எட்வேட்.

அணியில் ஒரு வழக்கம் இருந்தது. காவலுக்குப் புறப்படுமுன் தலைவர் கனகசிங்கம் வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். அவர் ஊர்த் தபாலதிபர். கடிதம் வாங்க வந்தவர்களைக் கூப்பிடும் அதே தொனிதான். ஒவ்வொருவரும் "நிக்கிறன்" என்று பதில் சொல்லவேண்டும். இன்று பதில் சொல்ல ஆளில்லை. பெயருக்கொரு சுடர், அவ்வளவுதான்.

ஜெயரட்ணம் மைக்கைப் பிடித்தார்.

"கனகசிங்கம்."

ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல். பிறகு, மூச்சோடு கலந்து ஒரு சொல்.

"நிக்கிறன்."

அவர் எட்வேட்டை முறைத்தார். "உந்தப் பகிடி என்னோட வேண்டாம்."

"நான் ஒண்டும் போடேல்லை அண்ணை. சத்தியமா!"

"இராசரத்தினம்."

"நிக்கிறன்."

இது வேறு குரல். சலூன்காரனின் கரகரத்த குரல். பூட்டிய ஜன்னல்களுக்குள் எங்கிருந்தோ குளத்துச் சேற்றின் வாடை வந்தது.

எட்வேட் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன.

ஜெயரட்ணம் மைக்கைக் கீழே வைக்கப் போனார். ரதி மேடைக்கு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயமேயில்லை.

"நிப்பாட்டாதேங்கோ! என்ர அண்ணான்ர குரலைக் கேட்டுப் பதினாறு வருஷம். கூப்பிடுங்கோ!"

"வின்சன்ற்..."

செத்த ஸ்பீக்கர் பதில் சொன்னது.

"நிக்கிறன்."

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் மேடைப் பலகை, யாரோ புதிதாக ஏறி நின்றதுபோல் கொஞ்சம் அமிழ்ந்தது. எட்வேட் சிலுவை போட்டுக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றான்.

பதினெட்டுப் பேர் வந்தாயிற்று.

ஜெயரட்ணத்தின் சட்டை முதுகோடு ஒட்டியது. 'எங்கை மச்சான், கூட்டிக்கொண்டு வாற ஆக்கள்?' என்று அவன் கேட்டால்? இவளுக்கு முன்னாலேயே கேட்டால்?

"சுலக்சன்."

பலகை அமிழவில்லை.

"அண்ணா!" ரதியே கூப்பிட்டாள். "சுலக்சன் அண்ணா!"

பக்கத்துக் கடையின் ஃபிரிட்ஜ் இரைவதுகூடக் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

போன மூச்சு ஜெயரட்ணத்துக்குத் திரும்பி வந்தது. தப்பினேன் என்றிருந்தது.

"பாத்தியே பிள்ளை, எல்லாம் மெஷின் கோளாறு. மனதைக் குழப்பாமல் நீ விளக்கைக் கொளுத்து" என்று தீப்பெட்டியை அவள் கையில் திணித்தார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். குச்சியை உரசினாள். நடுங்கும் சுடரைத் திரிக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

மேடைப் பலகைகள் எல்லாம் ஒன்றாக முனகின.

குச்சி அணைந்தது. காற்றில்லை.

ஸ்பீக்கரிலிருந்து அல்ல, இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து, தபாலதிபரின் நிதானமான குரல் வந்தது.

"கொளுத்தாதை பிள்ளை. அவன் இன்னும் எங்களிட்டை வந்து சேரேல்லை."