பல்லில் கடித்த நூல்

“விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! மகாராணிக்கு இன்னும் காய்ச்சல் விடலையாக்கும்...” தையல் மெஷின் சத்தத்தையும் மீறி வந்தது மாமியாரின் குரல்.

மருமகள் ஊசியில் நூலைக் கோத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்தாக வேண்டும். கத்திரியைத் தேடும் நேரத்தில் இன்னொரு பொத்தான் தைக்கலாம் என்பது அந்த வீட்டுச் சட்டம். நூலைப் பல்லால்தான் கடிப்பார்கள். வலப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தை என்பதால் அவள் இடப்பக்கம் கடிப்பாள். காய்ச்சல் வந்தால் கடையில் இரண்டு மாத்திரை, விட்டால் மறுபடி பொத்தான். வாரக்கணக்கில் இப்படியே ஓடியது.

“வேலைன்னா காய்ச்சல், சோறுன்னா சொஸ்தம்! நல்லாயிருக்குடி உன் சீக்கு!”

“இதோ முடிச்சிடறேன் அத்தை...” என்றவளின் வாய் கோணியது. இடக்கையிலிருந்த சட்டை நழுவியது. அவளும் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “சொத்தைப் பல்லுல இருந்த கிருமி ரத்தத்துல கலந்து இதய வால்வை அரிச்சிடுச்சு. அங்கேருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கு. வால்வை மாத்தணும். ஆனா மூளையில ரத்தம் கசியுது, இப்போ கத்தி வைக்க முடியாது. கசிவு நிக்கிற வரைக்கும் இதயம் தாங்குறது... கஷ்டம்தாம்மா.”

“பல்லைப் பிடுங்கித் தொலைச்சிருக்கலாமே, பாவி!” மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

மகன் தாயை நிமிர்ந்து பார்த்தான். “பிடுங்கத்தாம்மா நாள் வாங்கியிருந்தா. அதே நாள் உனக்குக் கண் ஆபரேஷன்னு கூப்பிட்டாங்க. ‘பல்லு எங்க ஓடிடப் போகுது, முதல்ல அத்தைக்குப் பார்வை வரட்டும்’னு உன்கூட வந்துட்டா. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு என் வாயையும் கட்டிட்டா!”

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டே கட்டிலருகே போனாள். மருமகளின் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பொத்தான் தைத்தவளுக்குத் தன் சட்டையைப் பார்க்க நேரம் எங்கே! கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். ஒரே குத்தில் நூல் கோத்தது அந்தக் கண். தைத்து முடித்து, பழக்கத்தில் நூலைப் பல்லருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

“ஒரு கத்திரி... யாராவது ஒரு கத்திரி குடுங்களேன்...”

“கடிச்சிடுங்க அத்தை...” மருமகளின் குழறிய குரல். “நேரமாகுதுல்ல...”

“ஆகட்டும்டி என் தாயே... ஆகட்டும்!” கட்டிக்கொண்டு கதறினாள்.

கடவுள் மன்னிப்பாரோ என்னவோ! மருமகள் அசையும் ஒற்றைக் கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

“அழாதீங்க அத்தை... ஆபரேஷன் பண்ண கண்ணு...”