தறியில் விழுந்த வெட்டு

"ஐயோ...!"

திலகவதியின் அலறலில், ஆரணியின் அந்தத் தெருவில் அத்தனை தறிகளும் நின்றன.

அவள் வீட்டுத் தறியில் பூட்டியிருந்த பட்டு இழைகள்... நாலாயிரத்துக்கும் மேல்... குறுக்கே வெட்டுப்பட்டுத் தொங்கின.

முகூர்த்தப் புடவை. பாதிதான் நெய்திருந்தது.

பத்தே நிமிடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ராஜவேலு வந்தார். கொடுத்த டீயை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். நோட்டைத் திறந்தார்.

"யாரும்மா எதிரி?"

"ஒருத்தரும் இல்லீங்க. எங்க வூட்டுக்காரர் குடிய வுட்டு மூணு நாளாவுது. கூட குடிச்சவங்கதான் அவர் மேல பேஜாரா கீறாங்க."

அந்த வீட்டுக்காரர், குப்புராஜ், மூலையில் போர்வைக்குள் சுருண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது.

திலகவதியின் தங்கை லாவண்யா உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்த கையோடு வந்திருந்தாள்.

குனிந்து இழைகளைப் பார்த்தாள்.

"சார், வெட்டு நேரா போகல. ரம்பப் பல்லு மாதிரி போயிருக்குது."

"அதுக்கு?"

"வெட்டின கை நடுங்கியிருக்குது."

திரும்பினாள்.

"மாமா, கைய நீட்டுங்க."

போர்வை விலகியது. கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

நீட்டிய விரல்கள் பத்தும் தனித்தனியாக ஆடின.

"பாம்பும்மா..." என்றார் குப்புராஜ். "இழையெல்லாம் பாம்பா நெளிஞ்சிகினு இருந்துச்சு. உங்க அக்காவ கடிச்சிடும்னு..."

"திருட்டுத்தனமா குடிச்சியாய்யா?" என்றாள் திலகவதி.

"இல்லக்கா. குடிக்காததாலதான்."

ராஜவேலுவின் பேனா நின்றது.

"பதினஞ்சு வருஷமா சாராயம் மூளைய அமுக்கிகினே இருந்துச்சு" என்றாள் லாவண்யா. "மூளையும் பதிலுக்கு வேகம் ஏத்திகினே போச்சு. இப்ப அமுக்கறது போயிடுச்சு, வேகம் மட்டும் அப்படியே இருக்குது. கை நடுங்கும். இல்லாதது தெரியும். வலிப்பு வரும். உயிரே போவலாம்."

திலகவதி கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி மேல சத்தியம் பண்ணி வுட்டேனே..." என்றார் குப்புராஜ்.

"வுட்டது நல்லது மாமா. தனியா வுட்டதுதான் தப்பு. மருந்து கொடுத்து, பக்கத்துல ஆள் வெச்சு அந்த வேகத்த மெதுவா இறக்கணும்."

போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வந்துகொண்டிருந்தது.

"பொழைச்சிப்பாரா?" திலகவதியின் குரல் உடைந்தது.

"ஜல்தியா போனா பொழைச்சிப்பாரு. வந்து அந்த நாலாயிரம் இழையையும் அவரே முடிச்சு போடுவாரு. தண்டனை வேணாமா?"

திலகவதி அழுகையோடு சிரித்தாள்.

லாவண்யாவின் பார்வை ராஜவேலுவின் நோட்டில் விழுந்தது.

எழுத்துகள் மேலே ஏறி, கீழே இறங்கி...

ரம்பப் பல்!

அவர் சட்டென்று நோட்டை மூடினார். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா... இந்த நடுக்கம் காலைல மட்டும் வந்தா?"

"ஒண்ணு போட்டா நிக்குதா சார்?"

"...நிக்குது."

"எத்தினி வருஷமா?"

"பன்னெண்டு."

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

"பேஷன்ட் யாரு?" என்றார் டிரைவர்.

லாவண்யா இரண்டு விரல்களைக் காட்டினாள்.

குப்புராஜை ஏற்றினார்கள். ராஜவேலு தெருவை ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பின்னாலேயே ஏறினார்.

"சார்!" திலகவதி ஓடி வந்தாள். "அப்ப கேஸு?"

"கவலைப்படாதம்மா. குற்றவாளிய வுடமாட்டேன். பக்கத்து பெட்லயே படுத்து பாத்துக்கறேன்."